ஆளில்லைதான், அநாதை இல்லை

மீண்டும் ஒன்று. நேற்றிரவு திரையில் எங்கள் ஆளில்லாக் கடல் கலம் ஒன்றின் வேகம் மணிக்கு 2 கடல் மைலிலிருந்து 8 கடல் மைலுக்குத் தாவியது. திசையோ கோடு கிழித்ததுபோல் நேராகக் கரையை நோக்கி. மெல்லிய காற்றில் பாய் விரித்து ஊரும் கண்காணிப்புக் கலம் அப்படி ஓடாது. யாரோ கயிறு கட்டி இழுக்கிறார்கள். (இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.)

இழுத்துப்போகும் படகுக்காரர்களைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "அதில் ஆளே இல்லையே, அநாதையாகக் கிடந்தது."

ஆள் ஏறாமல் இருக்கத்தான் ஐயா அதைச் செய்ததே! கலத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். கரையில் இரவும் பகலும் முறைவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேய்ப்பன் கண்ணில் படவில்லை என்று மேய்கிற மாட்டை ஓட்டிக்கொண்டு போவீர்களா? நகரவில்லை என்றால் பழுது என்றும் முடிவுகட்டாதீர்கள். ஒரே இடத்தைச் சுற்றிவந்து காவல் காப்பதே பல கலங்களுக்கு இட்ட பணி. நீருக்குள் மூழ்கிச் செல்லும் கிளைடர் என்ற ஆளில்லாக் கருவி, தரவை அனுப்புவதற்காக மேலே வந்து, ஆண்டெனாவை நீட்டியபடி செத்த மீன்போல மிதக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் தூக்குகிறார்கள்.

படகுக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2016 டிசம்பரில் தென்சீனக் கடலில் அமெரிக்கக் கிளைடரை எடுத்துச் சென்ற சீனக் கடற்படை, அடையாளம் தெரியாத பொருள் என்றது. சில நாள்களில் திருப்பிக் கொடுத்தது. 2022 செப்டம்பரில் செங்கடலில் இரண்டு கலங்களைத் தூக்கிய ஈரானும் 'கைவிடப்பட்டவை' என்றது. அவையும் மறுநாளே திரும்பின. கடற்படைகளே இந்தச் சாக்கைச் சொல்லும்போது நாம் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

சரி, கடலில் ஒன்றைக் கண்டால் விலகிப் போங்கள். கயிறு போடாதீர்கள், ஏறிப் பார்க்காதீர்கள், வலையை அதன்மேல் வீசாதீர்கள். கருங்கடலில் 2022 முதல் ஆளில்லாப் படகுகள் வெடிமருந்து சுமந்தும் ஓடுகின்றன. எது எந்த வகை என்று தூரத்திலிருந்து உங்களால் சொல்ல முடியாது, பல நேரம் என்னாலும் முடியாது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றையும் குறித்து, படகின் விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படையிடம் சொல்லுங்கள்.

ஏற்கெனவே தூக்கிவிட்டீர்களா? தயவுசெய்து பிரிக்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் லித்தியம் மின்கலம், தீப்பிடித்தால் படகு மிஞ்சாது. ஆட்களை விலக்கிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். தார்ப்பாய் போட்டு மட்டும் மூடாதீர்கள்; ஆண்டெனாவுக்கு வானம் தெரிந்தால் போதும், நாங்களே தேடி வந்துவிடுவோம்.