கைத்துப்பாக்கி, மூடி அணிதல்: சொல்லும் பொருளும்

ஒரே கையால் பிடித்துச் சுடக்கூடிய பிஸ்டலும் ரிவால்வரும் கைத்துப்பாக்கி எனப்படும். தென்னாப்பிரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் (2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம்) ஏறக்குறைய இதே சொற்களில்தான் அதை வரையறுக்கிறது. கைவாள், கைவேல், கைக்குட்டை என்று நாம் வழங்கும் சொற்களில் முன்னே நிற்கும் ‘கை’ என்ன பொருள் தருகிறதோ அதே பொருளைத்தான் இங்கும் தருகிறது: கையில் அடங்குவது, கையால் ஆளப்படுவது. எழுதும்போது ‘த்’ மிக வேண்டும். ‘கை துப்பாக்கி’ என்று பிரித்து எழுதுவது பிழை. அதைச் சட்டைக்குள் வெளியே தெரியாதபடி மூடி அணிவதற்கு ஏற்ற சொல்லையும், அந்தச் சொல்லுக்கு ஏற்ற துப்பாக்கியையும் இங்கே தேடுகிறேன்.

துப்பாக்கி உரிமத்துக்கான படிவம், பயிற்சி, தேர்வு எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் நாட்டில் இதற்குத் தமிழ்ச்சொல் எதற்கு என்று டர்பனில் நம் தமிழ் இளையவர்கள் கேட்பது இயல்பு. என் விடை இது: ஒரு வீட்டுக்குள் துப்பாக்கி வந்தால் அது உரிமம் வாங்கியவருடைய பொருளாக மட்டும் இருப்பதில்லை. அது எங்கே இருக்கிறது, எப்போது இடுப்பில் இருக்கும், எப்போது பெட்டகத்தில் இருக்கும், யார் தொடவே கூடாது என்பதெல்லாம் வீட்டிலுள்ள ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் ஐயமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அந்த மொழியில் சொன்னால்தான் அது மனத்தில் பதியும்.

துப்பாக்கி என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. குறளிலேயே இந்தச் சொல் இருக்கிறது என்பார்கள். 12ஆம் குறளில் ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்று வருவது உண்மைதான். அங்கே அது துப்பு + ஆக்கி. உண்பவர்களுக்கு நல்ல உணவுகளை விளைவித்து, தானும் உணவாக அமைவது மழை என்று வான்சிறப்புப் பேசுகிறது அந்தக் குறள். வெடிமருந்துக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை. நம் துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது. துருக்கியர் ‘துஃபெக்’ என்று வழங்கியதன் பழைய வடிவமே தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி என்றும், தமிழில் துப்பாக்கி என்றும் நிலைத்தது. பீரங்கியும் இவ்வாறு வந்ததே: பரங்கியர் கொண்டுவந்த ஆயுதம் என்பதால் அந்தப் பெயர். தோட்டா, ரவை இரண்டும் உருது வழியாக வந்தவை.

சுடுதல் என்ற வினை மட்டும் முழுக்க நம்முடையது. அம்பை எய்தோம், வேலை எறிந்தோம். நெருப்பைக் கக்கும் ஆயுதம் வந்தபோது, எரிப்பதைக் குறிக்கும் ‘சுடு’ என்ற சொல்லையே அதற்குக் கொடுத்தோம். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘சுடுகலன்’ இந்த வேரிலிருந்து எழுந்த சொல். நம் நாட்டு ஆப்பிரிகான்ஸ் மொழியிலும் துப்பாக்கி வகை முழுவதற்கும் பொதுச்சொல் ‘நெருப்பாயுதம்’ என்ற பொருளில்தான் அமைந்திருக்கிறது. ரைஃபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் சுடுகலன் என்று எழுதலாம் என்பது என் கருத்து. ஆனால் துப்பாக்கியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக நாவில் பழகிய சொல் அது.

கைத்துப்பாக்கியின் இரண்டு வகைகளில் ரிவால்வருக்குச் சுழல்துப்பாக்கி என்ற பெயர் சரியாகப் பொருந்துகிறது. தோட்டாக்கள் இருக்கும் உருளை ஒவ்வொரு முறையும் சுழல்கிறது. ஐரோப்பியச் சொல்லுக்கும் அதுவே பொருள். நம் அண்டை வீட்டு ஜூலு மக்கள் அந்தச் சொல்லை ‘இவோலோவோலோ’ என்று தங்கள் நாவுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். பிஸ்டல் என்பது குழலையும் ஊதலையும் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அதற்குத் தமிழில் தனிச்சொல் நிலைபெறவில்லை. பிஸ்டல் என்றே எழுதலாம். விசையை அழுத்துவது என்பதைப் பழைய எழுத்தில் ‘குதிரையைத் தட்டுவது’ என்று காணலாம். துப்பாக்கியின் குதிரை உண்மையில் பின்னால் நின்று அடிக்கும் சுத்தியல் போன்ற உறுப்பு. விரல் படும் உறுப்பு விசை. பாதுகாப்புப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

இனி கடினமான பகுதி. துப்பாக்கியைச் சட்டைக்குள் வெளியே தெரியாமல் அணிந்து அன்றாடம் நடமாடுவதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘மறைத்து எடுத்துச் செல்லுதல்’ என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அது ஒப்பவில்லை. தமிழில் ஒளித்தல், மறைத்தல், கரத்தல், பதுக்குதல் எல்லாமே குற்றத்தின் நிழல் விழுந்த சொற்கள். ‘இடுப்பில் துப்பாக்கியை மறைத்து வைத்திருந்தார்’ என்று செய்தித்தாளில் படித்தால், அடுத்த வரியில் கைது இருக்கும் என்றே வாசகர் எதிர்பார்ப்பார். கரவு என்றால் வஞ்சனை என்றே பொருள் உண்டு. ஆனால் தென்னாப்பிரிக்காவில் உரிமம் பெற்றவர் துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்திருப்பது அவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. சட்டம் அவருக்கு விதித்த கடமை அது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென அமைந்த உறையில் உடலோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றில் இருக்க வேண்டும். இரண்டிலும் அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். வைத்திருப்பவர் அதன்மேல் பயனுள்ள கட்டுப்பாடு கொண்டிருக்கவும் வேண்டும்.

சட்டம் கேட்பது மூடுவதை. மூடுதல், போர்த்துதல், உறையிடுதல் ஆகிய சொற்களில் கள்ளம் இல்லை. உடலோடு பிணைத்தலுக்கு அணிதல் இருக்கிறது. கட்டுப்பாட்டுக்கு நம்மிடம் அருமையான சொல் ஏற்கெனவே உண்டு: கைவசம். கைக்கு எட்டுவதும் தன் ஆட்சிக்குள் இருப்பதும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே ‘மூடி அணிதல்’ என்பதே பொருத்தமான தமிழ் என்று நினைக்கிறேன். விரித்துச் சொல்ல வேண்டுமானால் ‘மூடி அணிந்து கைவசம் வைத்திருத்தல்’. துப்பாக்கிக் கூட்டுக்கு ‘உறை’ போதும். வாளுக்கு இருந்த உறைதான் இதற்கும்.

இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியும் தெளிவாகிறது. அது மூடத்தக்கதாக, அணியத்தக்கதாக, கைவசப்படத்தக்கதாக இருக்க வேண்டும். தற்காப்புக்காக 13ஆம் பிரிவின்கீழ் ஒருவருக்கு ஓர் உரிமம்தான் கிடைக்கும். முதலில் ஒன்றை வாங்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பிரிவில் இடமில்லை. அதனால் தேர்வில் அவசரம் கூடாது.

பெரும்பாலான பிழைகள் அளவில்தான் நடக்கின்றன. நம் காவல்துறையினர் இடுப்பில் பலகாலமாகக் காணப்பட்ட வெக்டர் இசட்88, பெரெட்டா 92ஐ அடியொற்றிய முழு அளவுப் பிஸ்டல். தோட்டா இல்லாமலே ஏறக்குறைய ஒரு கிலோ எடை. சீருடையின் தடித்த இடுப்புப் பட்டையில் அது நிற்கும். ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில் மெல்லிய பருத்திச் சட்டைக்குள் அதை மூட முடியாது. மூடினாலும் சில நாட்களில் சலித்துப்போய் வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, ‘பெண்ணுக்குச் சின்னது போதும்’ என்று சொல்லி மிகச்சிறிய ரிவால்வரை மனைவிக்கோ மகளுக்கோ பரிந்துரைக்கும் அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். அந்த அறிவுரை தவறு. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும். குதிரையைப் பின்னிழுக்காமல் சுடும்போது ரிவால்வரின் விசை நீண்டும் கனத்தும் இருக்கும். குழல் குட்டையானால் குறிபார்ப்பதும் கடினமாகும். பெரும்பாலும் 5 தோட்டாக்கள்தான் கொள்ளும். சிறியது மூடுவதற்கு எளிது, கைவசப்படுத்துவதற்கு அரிது. நிறையப் பழகியவர்களுக்கு உரியதை முதன்முதலாகத் தொடுபவர் கையில் கொடுக்கிறோம்.

இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல தேர்வுகள் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஆஸ்திரியாவின் கிளாக் 19க்கு 102 மில்லிமீட்டர்க் குழல், மேகசினில் (தோட்டா அடுக்கும் கூட்டில்) 15 தோட்டா. அதே நிறுவனத்தின் ஒல்லியான கிளாக் 43இல் 6 தோட்டா. இரண்டும் 9 மில்லிமீட்டர் பாரபெல்லம் தோட்டாவையே சுடுபவை. கையில் பிடித்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில: கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவை பிடியின் உச்சியில் நன்றாகப் பதிகிறதா, பிடியைத் திருகாமல் சுட்டுவிரல் விசைவரை எட்டுகிறதா, வியர்த்த கையிலும் வழுக்காமல் நிற்கிறதா. இவற்றைக் கடைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று தீர்மானிக்க முடியாது. சுடுபயிற்சித் தளத்தில் வாடகைக்குக் கிடைக்கும் துப்பாக்கிகள் சிலவற்றைச் சுட்டுப் பார்த்தபின்பே முடிவு செய்ய வேண்டும்.

தோட்டாவின் விட்டத்தைப் பற்றி ஆண்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். நான் நீட்டப்போவதில்லை. 1902இல் ஜெர்மனியில் உருவான 9 மில்லிமீட்டர் நம் நாட்டில் எங்கும் கிடைக்கிறது, பழகுவதற்குக் கட்டுப்படியாகிறது, உதைப்பும் தாங்கத்தக்கது. பொதுவாக ஒரு சுடுகலனுக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தப் பேச்சுகளில் மிகக் குறைவாக இடம்பெறுவதும் மிக முக்கியமானதும் ஒன்று உண்டு: கீழே விழுந்தால் தானாக வெடிக்குமா? இதற்கு நம் நாட்டிலிருந்தே பாடம் இருக்கிறது. மூடி அணிவதற்கென்றே தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்ட வெக்டர் சிபி1 மெல்லியதாகவும் உடையில் சிக்காத வழவழப்பான வடிவத்திலும் இருந்தது. குழலின் பின்முனையிலுள்ள அறையில் தோட்டா இருக்கும் நிலையில் அடிபட்டாலோ விழுந்தாலோ அது வெடிக்கக்கூடும் என்று தெரியவந்ததால் 2000இல் திரும்பப் பெறப்பட்டது. பார்வைக்கு எத்தனை அழகாக அமைந்திருந்தாலும், தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் சுடுமுள்ளை, விசை அழுத்தப்படாதவரை தடுத்து நிறுத்தும் அமைப்பு உள்ளே இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பழைய துப்பாக்கியை மலிவாக வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

உறைக்கும் இதே அளவு மதிப்புக் கொடுக்க வேண்டும். விசையையும் அதன் காப்பு வளையத்தையும் முழுவதும் மூடாத தொளதொளத்த துணியுறை ஆபத்தானது. சட்டை நுனி உள்ளே புகுந்து விசையை அழுத்திவிடலாம். தோல் உறை டர்பனின் வியர்வையையும் உப்புக்காற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உலோகத்தை அடிக்கடி துடைத்து எண்ணெய் பூச வேண்டியிருக்கும். வாகனக் கடத்தலுக்கு அஞ்சித்தான் பலர் துப்பாக்கி வாங்குகிறார்கள். ஆனால் காரில் உட்கார்ந்து இருக்கைப் பட்டையை மாட்டியபின் கை உறைக்கு எட்டுகிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? சேலையோ பஞ்சாபி உடையோ உடுத்தும் பெண்கள் கைப்பையை நாடுகிறார்கள். பறிப்பவன் முதலில் பறிப்பது கைப்பையைத்தான். பை தோளைவிட்டுப் போன நொடியில் கைவசம் என்ற சொல்லும் போய்விடுகிறது, துப்பாக்கி அவனுடையதாகிவிடுகிறது. உடுப்பை மாற்றிக்கொள்வது தொல்லைதான். ஆனாலும் உடலோடு பிணைத்து அணிய வழி இல்லாதவர் அணியாமல் இருப்பதே நல்லது.

2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனை அடுத்து இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸில், குடியிருப்போரே தெருக்காவல் நின்ற நாட்களில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களை நினைக்கும்போது தற்காப்பு என்ற சொல்லை நாம் எத்தனை கவனத்தோடு கையாள வேண்டும் என்று தோன்றுகிறது. தன் + காப்பு: தன்னைக் காத்துக்கொள்வது. தெருவைக் காவல் காப்பதும், அயலாரை நிறுத்தி விசாரிப்பதும், விரட்டிச் செல்வதும் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டா. 13ஆம் பிரிவின்படி விண்ணப்பிப்பவர் தற்காப்புக்குத் துப்பாக்கி தேவை என்று காட்டினால் மட்டும் போதாது. துப்பாக்கி இல்லாமல் வேறு வழியில் அந்தத் தேவையை நியாயமாக நிறைவேற்ற முடியாது என்பதையும் காட்ட வேண்டும். கதவு, விளக்கு, வேலி, அண்டை வீட்டாரின் நட்பு ஆகியவற்றை முதலில் சரிபார்க்கச் சொல்லும் விதியாகவே அதை நான் வாசிக்கிறேன்.

வீட்டுக்குள் இன்னொரு கேள்வி எழும். ஆயுத பூஜையில் கத்தி, அரிவாள், உளி வைத்து வணங்கும் மரபில் வந்தவர்கள் கைத்துப்பாக்கியையும் படத்துக்கு முன்னால் வைக்கலாமா என்று நினைப்பார்கள். கூடாது. துப்பாக்கி உடலில் இருக்க வேண்டும், அல்லது விதிக்கப்பட்ட தரத்திலான பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் பூஜை அறையில் ஒரு மணி நேரம் கிடத்தி வைப்பது இந்த இரண்டிலும் சேராது. பெட்டகத்தின் கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொள்ளலாம்.

உரிமத்தோடு சேர்ந்த சொல் இன்னொன்று: காலாவதி. காலம் + அவதி; அவதி என்றால் எல்லை. தற்காப்பு உரிமத்தின் எல்லை 5 ஆண்டு. அது முடிவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். காலாவதியான உரிமத்தோடு துப்பாக்கியை வைத்திருப்பது குற்றமாகும் என்ற நிலையை எதிர்த்த வழக்கில், 2018 ஜூன் மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உரிமத்தில் உள்ள தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்து, அந்த 90 நாளையும் கழித்துக்கொள்ளுங்கள்.