‘கடவுள் மன்னிப்பார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

வடக்கு லண்டனில், யூதக் குடும்பங்கள் நிறைய வாழும் ஸ்டாம்ஃபோர்ட் ஹில் பக்கம் சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்க்கிறேன். செப்டம்பரிலோ அக்டோபரிலோ யோம் கிப்பூர் வரும், யூதர்கள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் நாள். 25 மணி நேரம் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாத விரதம்.

இந்த ஆண்டும் ஒரு பாட்டி வந்து சேர்ந்தார். இன்சுலினை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறார். நம் ஊர்க் கணக்கில் சுகர் 38க்கு இறங்கிவிட்டது. பிழைத்துவிட்டார். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. முந்தின வாரமே எங்கள் ஆள் ஒருவர், “சாப்பிடுங்கள் பாட்டி, கடவுள் மன்னிப்பார்” என்றிருக்கிறார். “மன்னிப்புக் கேட்கிற நாளிலேயே பாவம் செய்யச் சொல்கிறாயா?” என்று பாட்டி கேட்டாராம். சரியான கேள்விதானே!

உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடுவது யூத மதச் சட்டத்தில் பாவமே இல்லை. சலுகையும் இல்லை, கட்டளை. இதற்குப் பெயர் பிக்குவாக் நெஃபெஷ், அதாவது உயிர் காத்தல். கட்டளைகளின்படி நடக்கிறவன் அவற்றால் பிழைப்பான் என்கிறது யூத வேதத்தின் லேவியராகமம் 18:5. பிழைக்கத்தான், சாவதற்கு அல்ல என்று யூதச் சட்ட விளக்க நூலான தால்மூத் அதை விளக்குகிறது. வைத்தியர் சாப்பிடச் சொல்லி நோயாளி மறுத்தால் வைத்தியர் பேச்சைக் கேட்க வேண்டும். நோயாளி ‘எனக்கு வேண்டும்’ என்றால் நூறு வைத்தியர்கள் மறுத்தாலும் நோயாளி பேச்சுதான். (எங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.) 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடெஸ், அவரும் வைத்தியர்தான், இன்னும் ஒரு படி போகிறார்: உயிர் காக்க ஓய்வுநாளை மீறும் வேலையைச் சிறுவர்களிடம் தள்ளாமல் பெரிய அறிஞர்களே செய்ய வேண்டும் என்கிறார். ‘உண்ணாதே’ என்ற ஒரு வரியோடு படிப்பை நிறுத்திக்கொண்டால் இதெல்லாம் எப்படித் தெரியும்? பாட்டியும் அங்கேயே நிறுத்தினார், எங்கள் ஆளும் அங்கேயே நிறுத்தினார்.

இரண்டு மூன்று வாரம் முன்பே டாக்டரையும் ரபியையும் (யூத மதகுரு) பாருங்கள். இன்சுலினை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை 30 மில்லிக்கும் குறைவாக உண்ணும் முறையை ரபி சிலருக்குச் சொல்வார். நல்லது. ஆனால் சுகர் 70க்குக் கீழே போனால் மில்லி அளந்துகொண்டு நிற்காதீர்கள், உடனே ஜூஸ் கொடுங்கள். அந்த நேரத்தில் ரபிக்கு ஃபோன் போட்டு அனுமதி கேட்காதீர்கள். அப்படிக் கேட்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்று 16ஆம் நூற்றாண்டுச் சட்டநூலான ஷுல்கான் அரூக்கே திட்டுகிறது.

யூத முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நம் தங்கைகளே, “உங்கள் சட்டமே சாப்பிடச் சொல்கிறது, பாட்டி” என்று சொல்லிப் பாருங்கள். மயங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். யூதத் தொண்டர்களின் ஹட்சோலா ஆம்புலன்ஸ் யோம் கிப்பூர் அன்றும் வரும்.