ஐந்தாவது கம்பியை விடுங்கள், நெக்கைப் பாருங்கள்

விலை குறைந்த பேஸ் கிட்டார் ஒன்றை இணையத்தில் வாங்கி, சில வாரம் வாசித்துப் பார்த்து, விரல் வலி தாங்காமல், கிட்டார் பழுதுபார்க்கும் என் மேசைக்குக் கொண்டுவருவோர் கிருஷ்ணகிரியிலிருந்து மட்டுமல்ல, தருமபுரி, பாலக்கோடு, ஓசூர்ப் பக்கமிருந்தும் வந்துகொண்டேயிருக்கிறார்கள். அண்மையில் காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த கருவியைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐந்து கம்பி, பேட்டரியில் ஓடி ஒலியை மாற்றியமைக்கும் ஆக்டிவ் பிரீஆம்ப், கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப் இரண்டு, ஐந்து குமிழ், கூடவே பை, வார், வயர், ட்யூனர். அத்தனையும் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள். கம்பிகளோ, நெக் எனப்படும் நீண்ட கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில், 12ஆவதன் மேல் 5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றன. நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் வைத்த இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடின் திருகு நட்டு, இறுக்கக்கூடிய எல்லையை ஏற்கெனவே எட்டியிருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் மகனுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிய தகப்பனாரிடம், இதற்குச் செலவு செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதே விலைக்கு நான்கு கம்பி கொண்ட சாதாரணக் கருவியும் கிடைத்ததே, ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “அதே பணத்துக்கு இதில் ஒரு கம்பி கூடுதல், ஆக்டிவ் வேறு.” என்னை மிகவும் சலிப்படையச் செய்வது இந்தக் கணக்குதான். கருவி செய்பவரும் அதே பணத்துக்குள்தான் கணக்குப் போடுகிறார் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கூடுதல் ட்யூனிங் கீ, அகலமான நெக், பிரீஆம்ப், கூடுதல் குமிழ்கள் ஆகியவற்றுக்கான காசு எங்கிருந்தோ வர வேண்டும். அது நெக்கின் மரத்திலிருந்தும், ஃப்ரெட்டுகளைச் சமன்செய்யும் வேலையிலிருந்தும், ட்ரஸ் ராடின் தரத்திலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. விளம்பரப் படத்தில் குமிழ்கள் தெரியும்; ஃப்ரெட் சமனாக இருக்கிறதா என்பது தெரியாது.

ஐந்தாவது கம்பியையே எடுத்துக்கொள்வோம். நான்கு கம்பி பேஸில் மிகத் தாழ்ந்த ‘இ’ கம்பியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவதான ‘பி’ கம்பிக்கு ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். இந்தத் தாழ்ந்த சுரம் தெளிவாக ஒலிக்க, நெக் அசையாமல் விறைப்பாக நிற்க வேண்டும். அதற்காகவே சில தயாரிப்பாளர்கள் கம்பி அதிரும் நீளத்தை, வழக்கமான 34 அங்குலத்திலிருந்து 35 அங்குலமாகக் கூட்டுகிறார்கள். மலிவான கருவியில் அந்தக் கம்பி தொங்கலாகி ஃப்ரெட்டில் தட்டித் தடதடக்கும். மேலும், வீட்டில் வைத்திருக்கும் எட்டு அங்குல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸையே முழுமையாகத் தர முடியாது. அதன் மேல்சுரங்களைக் கேட்டுக் காதே மீதியை நிரப்பிக்கொள்கிறது. அப்படியிருக்க 31 ஹெர்ட்ஸை எதில் கேட்கப் போகிறீர்கள்? பாடகர் சுருதியை மாற்றும்போது தாழ்ந்த ‘டி’ வேண்டுமே என்று மெல்லிசைக் குழுத் தம்பிகள் வாதிடுவார்கள். ‘இ’ கம்பியை ‘டி’க்கு இறக்கி வாசிக்கலாம், காலங்காலமாகச் செய்வதுதான். ஐந்து கம்பி உண்மையிலேயே தேவைப்படும் வாசிப்பாளர்கள் உண்டு. ஆனால் அது இரண்டாவது கருவியாக, கூடுதல் பணத்தோடு வாங்க வேண்டியது.

ஆக்டிவ் என்றால் தரம் என்பதும் அப்படித்தான். உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஒரு சிறிய சுற்று இருக்கிறது, அவ்வளவே. நல்ல சுற்று என்றால் நல்லது. மலிவான சுற்று என்றால் இரைச்சல். வயரின் ஜாக்கைக் கிட்டாரில் செருகியே வைத்துவிட்டுத் தூங்கப் போனால் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. திருவிழா மேடையில் பாதிப் பாட்டில் ஒலி நின்றுபோனதாகச் சொல்லிக் கொண்டுவரும் கருவிகளில் பல, பேட்டரி மாற்றியதும் உயிர்பெற்று விடுகின்றன. அதற்கு நான் காசு வாங்குவதில்லை. திட்டு மட்டும் உண்டு.

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது: நான்கு கம்பி, ஒரே பிக்கப், பேட்டரி கிடையாது. அதே வகைக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டுதான் பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் மோட்டவுன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். கம்பி அறுந்தால்தான் மாற்றுவார் என்பார்கள். அவருக்குப் போதுமானது நம் பிள்ளைக்கும் போதும்.

ஆகவே குறைந்த பணத்தில் வாங்குவோர், பேட்டரி இல்லாத பாசிவ் வகையில் நான்கு கம்பி கொண்ட எளிய கருவியை எடுத்து, நெக்கைச் சோதித்து வாங்குங்கள். பிக்கப் மோசமென்றால் பின்னாளில் மாற்றலாம். குமிழ் கரகரத்தால் சுத்தம் செய்யலாம். முறுக்கிக்கொண்ட நெக்கை மட்டும் யாராலும் சிக்கனமாகச் சரிசெய்ய முடியாது. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ இழுவையை அந்த ஒரு மரத்துண்டின் மேல் இரவும் பகலும் ஏற்றி வைத்திருக்கின்றன.

சோதிக்கும் முறை கடினமன்று. முதலில் கருவியைச் சரியான சுருதிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். தளர்ந்த கம்பியோடு பார்ப்பதில் பயனில்லை. பிறகு ‘இ’ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், நெக் உடலோடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்துங்கள். இழுத்துப் பிடித்த கம்பி இப்போது உங்களுக்கு ஓர் அளவுகோல். ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு உரசியபடி நுழைய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் நெக் முற்றிலும் நேராகவோ பின்னால் வளைந்தோ இருக்கிறது. நான்கைந்து கார்டு நுழைந்தால் முன்னால் வளைந்திருக்கிறது. இவை ட்ரஸ் ராடு வேலை செய்தால் சரியாகக்கூடியவை. அடுத்து, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளத்தைப் பாருங்கள். மேலே, தலைப்பக்கம் கம்பிகள் தங்கி நிற்கும் துண்டான நட்டின் கோடும் கீழே கடைசி ஃப்ரெட்டின் கோடும் இணையாகத் தெரியாவிட்டால் அது முறுக்கு. விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், கருவியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அதன் பின் எல்லாக் கம்பிகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும், எங்காவது தடதடக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள், பொறுமையாக. 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் விரல் தப்பிக்கும். நெக்கின் விளிம்பில் உள்ளங்கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறக்கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது அந்த முனைகள் வெளியே துருத்திக்கொள்ளும்; தகரக் கூரைக்கு அடியிலும், பூட்டிய காருக்குள்ளும் கருவியை விட்டுவைப்போர் இதைத் தவறாமல் கொண்டுவருவார்கள். பெங்களூரில் குளிரூட்டிய கடையில் சரியாக இருந்த நெக், இங்கே வந்து இரண்டு வாரத்தில் சற்று அசைவது இயல்பு. ஆகவே, வாங்கும் பணத்தில், நெக் வளைவையும் கம்பி உயரத்தையும் சரிசெய்யும் செட்டப்புக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பேஸ் கம்பி ஒரு செட்டு மட்டுமே நல்லதாக எடுத்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவர் வீட்டிலெல்லாம் ஆலன் கீ எனும் அறுகோணச் சாவி செட்டு இருக்கிறது. அதுவே பேஸ் கிட்டாருக்குப் பெரிய ஆபத்தாகிவிட்டது. சில கிட்டார்களின் ட்ரஸ் ராடு அங்குலக் கணக்கில் அமைந்தது. 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர், அதில் 5 மில்லிமீட்டர் கீ நுழையாது, 4.5 தளர்வாக நுழைந்து முனைகளை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டைத் திறக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அளவு சரியாக இருந்தாலும் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிய பின் மரத்துக்கு நேரம் கொடுங்கள்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். யமஹா, ஐபனெஸ், ஸ்கொயர், கோர்ட் ஆகியவற்றின் தொடக்க நிலை நான்கு கம்பிக் கருவிகளில் பெரும்பாலும் வேலை செய்யும் நெக் இருக்கும். ஆனாலும் மேலே சொன்ன சோதனை ஒவ்வொன்றுக்கும் உண்டு. இவற்றையே பழையதாகப் பெங்களூரில் வாங்குவது, என் கணக்கில், புதிய மலிவுக் கருவியைவிட மேல். சிறு பிள்ளைகளுக்குக் கம்பி நீளம் 30 அங்குலமாக வருவதைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டுக்குக் கை எட்டும்.

வீட்டு ஹோம் தியேட்டரில் பேஸைச் செருகாதீர்கள். பாட்டைக் கேட்கச் செய்த ஸ்பீக்கர், விரலால் நேரடியாகத் தட்டும் கம்பியின் அதிர்ச்சியைத் தாங்காது. ஆம்புக்குப் பணமில்லையென்றால் சிறிய ஹெட்ஃபோன் ஆம்பே போதும். மேடையில் ‘உம்’ என்ற இரைச்சல் நிற்பதற்காக மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு வந்தால், ஒரு கையில் கம்பியும் உதட்டருகே மைக்குமாக நிற்பவர் உடல் வழியாகத்தான் மின்சாரம் பாயும்.

இணையத்தில் வாங்கியே தீருவேன் என்போர், பெட்டி வந்த அன்றே திறந்து, அதைக் காணொளியாக எடுத்து, அந்த வாரத்துக்குள்ளேயே விசிட்டிங் கார்டு சோதனையையும் முறுக்குச் சோதனையையும் செய்துவிடுங்கள். நெக் முறுக்கியிருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் விற்றவருக்கே அனுப்புங்கள். கெடு முடிந்த மறுநாள் என்னிடம் கொண்டுவராதீர்கள்.