கிரிஷித்தன்: பாதிரி, குருசு, பொத்தானோடு ஜப்பானுக்குப் போன சொல்

‘கிறிஸ்தவ சாமுராய்’ என்று தமிழில் எழுதினால் எல்லோருக்கும் புரியும். ஆனால் அந்தக் காலத்து ஜப்பானியர் கிறிஸ்தவர்களைக் குறித்த சொல் வேறு: கிரிஷித்தன். இன்றைக்கு டோக்கியோவில் ஞாயிறு பூசைக்குப் போகிறவரை யாரும் கிரிஷித்தன் என்று சொல்லமாட்டார்கள். அது வரலாற்றுச் சொல். 1549இல் பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாவில் கரையிறங்கியதிலிருந்து, 1873இல் கிறிஸ்தவத்தைத் தடைசெய்த அறிவிப்புப் பலகைகள் இறக்கப்பட்டது வரைக்குமான விசுவாசிகளுக்கு உரியது.

சொல் போர்த்துக்கீசியம். ‘கிறிஸ்தாவ்ங்’ என்று மூக்கில் முடியும் சொல் ஜப்பானிய நாக்கில் ‘கிரிஷித்தன்’ ஆனது. சாத்தன், கொற்றன் மாதிரி நம் காதுக்கு ஆண்பால் ஒருமையாகக் கேட்கிறது. அப்படியில்லை, ஆண், பெண், ஒருவர், பலர் எல்லாருக்கும் அங்கே இதே சொல்தான். தமிழில் எழுதும்போது பலருக்குக் ‘கிரிஷித்தர்’ என்று போட்டுக்கொள்வதில் தவறில்லை என்பது என் கட்சி.

இந்தச் சொல்லின் கூட்டாளிகளைப் பார்த்தால் தமிழருக்குச் சிரிப்பு வரும். சிலுவைக்கு அவர்கள் சொன்னது ‘குருசு’. கன்னியாகுமரிப் பக்கத்துக் குருசடியில் இருக்கிற அதே குருசு. பாத்ரே என்பது அங்கே ‘பத்தெரென்’, இங்கே பாதிரி. நம் சட்டையில் பொத்தான், அவர்கள் சட்டையில் ‘பொதன்’. யாழ்ப்பாணத்தில் பாண், ஜப்பானிலும் பாண்தான். எல்லாம் ஒரே கப்பலில் போன சரக்கு. சவேரியாரே முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே தமிழில் செபம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் மலாக்கா வழியாக ஜப்பான் போனவர்.

ஆனால் ஓர் இடத்தில் வழி பிரிகிறது. இங்கே என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியார் கடவுளுக்குத் ‘தம்பிரான்’ என்ற உள்ளூர்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார். 1578இல் கொல்லத்தில் அச்சான நூலின் பெயரே ‘தம்பிரான் வணக்கம்’. ஜப்பானிலும் சவேரியார் முதலில் அதைத்தான் செய்து பார்த்தார். ‘தைநிச்சி’ என்ற பெயரைக் கடவுளுக்குச் சொன்னார். அது மகாவைரோசன புத்தரின் பெயர்! பௌத்தத் துறவிகள், நம்ம ஆள்தான் போலிருக்கிறது என்று வரவேற்றார்கள். விஷயம் புரிந்ததும் சவேரியார் அதைக் கைவிட்டு ‘தேயுஸ்’ என்ற அயற்சொல்லுக்கே திரும்பினார். அதன்பின் பல சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நின்றுவிட்டன. கிரிஷித்தன் என்ற சொல் பிழைத்துக் கிடந்த பின்னணி இது.

ஜப்பானியர் அதைச் சீன எழுத்துகளால் எழுதிய விதம் தனிக் கதை. ஆரம்பத்தில் ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகளின் பொருள் நற்பேறு, லாபம் என்று மங்கலமாகத்தான் இருந்தது. தடை இறுகிய பிறகு வெறுப்போடு எழுதியவர்கள் ‘பேய்’, ‘சாவு’ என்று பொருள்படும் எழுத்துகளை உள்ளே நுழைத்தார்கள். 1680இல் ஷோகுன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆன தொகுகவா த்சுனயோஷியின் பெயரில் அந்த ‘நற்பேறு’ எழுத்து இருந்தது. ஷோகுனின் எழுத்து தடைசெய்யப்பட்ட மதத்தின் பெயரில் இருக்கலாமா? எடுத்துவிட்டு ‘வெட்டு’ என்ற எழுத்தைப் போட்டார்கள். வாயால் சொன்னால் அதே ஒலி, தாளில் பார்த்தால் கத்தி.

சரி, சாமுராய்? ‘சபுராவு’ என்ற பழைய வினை அதன் வேர். பெரியவர் பக்கத்தில் நின்று பணிசெய்தல் என்று பொருள். பணிசெய்பவன் நாளடைவில் ஆயுதம் ஏந்திய வீரனானான். தமிழில் இதே வழியில் நடந்து வந்த சொல் ஒன்று தயாராக இருக்கிறது: சேவகன். சேவை செய்பவன் வீரனானான். மதுரையில் சிவபெருமானே குதிரைச் சேவகனாக வந்தார். பழைய தமிழ் விவிலியத்தில் சிலுவையடியில் நிற்கிறவர்களும் போர்ச்சேவகர்கள்தான். அரசனுக்காக உயிர்விட உறுதிபூண்ட, சோழர்களின் வேளைக்காரப் படையும் நினைவுக்கு வரும், ஆனால் ‘வேலைக்காரன்’ என்று படித்துத் தொலைப்பார்கள், சேவகனே மேல்.

சேவகன் என்றால் யாருக்குச் சேவகன் என்ற கேள்வி உடனே வந்துவிடும். கிரிஷித்தச் சேவகரின் சோதனை முழுவதும் அந்தக் கேள்விதான். தகயாமா உகோனைப் பாருங்கள். (உகோன் என்பது இயற்பெயர் அல்ல, அரண்மனையின் வலப்புறக் காவலைச் சேர்ந்த ஒரு பதவியின் பெயர். அதுவும் சேவகம்தான்.) பன்னிரண்டு வயதுவாக்கில் ஞானஸ்நானம் பெற்று ‘ஜுஸ்தோ’ ஆனார். நீதிமான் என்று பொருள். ஒசாகாவுக்கும் கியோதோவுக்கும் இடையில் உள்ள தகத்சுகி கோட்டை அவர் கைக்கு வந்தது. தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவின் ஏழு தலைமாணாக்கரில் அவரும் ஒருவர்.

1578இல் அவருடைய மேலாளரான அரகி முரஷிகே, அப்போது ஜப்பானில் ஓங்கி நின்ற தலைவர் ஓதா நொபுனகாவுக்கு எதிராகக் கிளம்பினார். உகோனின் மகனும் தங்கையும் பிணையாக அரகியின் கையில். நொபுனகாவோ, கோட்டையைத் தராவிட்டால் பாதிரிகளையும் விசுவாசிகளையும் தொலைத்துவிடுவேன் என்கிறார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாரோ சாகவேண்டும். உகோன் எந்தப் பக்கமும் சாயவில்லை. குடுமியை அறுத்துக்கொண்டார், காகித அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டார், கோட்டையும் வேண்டாம் பதவியும் வேண்டாம் என்று நொபுனகாவின் முன்னால் போய் நின்றார். வாஷி என்ற ஜப்பானியக் கைக்காகிதத்தில் தைத்த அந்த அங்கி, துறவிகளும் ஏழைகளும் போடுவது. நேற்று வரை கவசம் போட்டிருந்த உடம்பில் இன்று காகிதம். பிணைகள் பிழைத்தார்கள், நொபுனகா கோட்டையையும் திருப்பிக் கொடுத்தார்.

நொபுனகாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஹிதெயோஷி 1587இல் அவ்வளவு எளிதில் விடவில்லை. அவர் போட்ட ஆணைக்குப் பெயர் ‘பத்தெரென் த்சுயிஹோ ரெய்’, அதாவது பாதிரி வெளியேற்ற ஆணை. விசுவாசத்தை விடு, இல்லையேல் நாட்டை விடு என்று உகோனுக்கு ஆள் அனுப்பினார். அப்போது அவர் அகஷியின் தலைவர். அகஷியை விட்டார். பிறகு கனசவாவை ஆண்ட மயெதா குடும்பத்தின் நிழலில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் இருந்தார். 1614இல் கிறிஸ்தவத்தைத் தடைசெய்து தொகுகவா ஆட்சியின் ஆணை வந்ததும், குடும்பத்தோடும் சுமார் முந்நூறு விசுவாசிகளோடும் நாகசாகியில் கப்பலேறி டிசம்பரில் மணிலா சேர்ந்தார். ஒன்றரை மாதத்துக்குள், 1615 பிப்ரவரியில், காய்ச்சலில் இறந்தார். வாளால் சாகாவிட்டாலும் திருச்சபை அவரை மறைசாட்சி என்றே ஏற்றது; 2017 பிப்ரவரி 7 அன்று ஒசாகாவில் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

எல்லோருக்கும் படுக்கையில் சாகக் கிடைக்கவில்லை. 1600இல் செகிகஹராப் போரில் தோற்ற கிரிஷித்தத் தலைவர் கொனிஷி யுகினகா, சேவக மரபுப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். தற்கொலை பாவம் என்பதால் மறுத்தார், கொல்லப்பட்டார். சாமுராய் கண்ணுக்கு அது அவமானச் சாவு.

விசுவாசத்தை விட்டவர்களுக்கும் சொல் இருக்கிறது: ‘கொரோபி கிரிஷித்தன்’, உருண்டு விழுந்தவர். தமிழில் இதற்குச் சொல் தேடவே வேண்டாம். சேவல் கூவுமுன் பேதுரு செய்தது எதுவோ அதுதான், மறுதலித்தல். சந்தேகப்பட்டவர்களைக் கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவத்தின்மேல் கால் வைக்கச் சொன்னார்களே, அது ‘ஃபுமி-எ’. ஃபுமி என்றால் மிதித்தல், எ என்றால் படம். ஒட்டினால் மிதிபடம். இதைவிடச் சுருக்கமாகத் தமிழாக்க முடியாது.

கிரிஷித்தனுக்குத் தமிழ் என்ன? ‘கிறித்தவர்’ அகலம் கூடிப்போகிறது, எந்த நாட்டுக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். எனக்குப் பிடித்தது நம் தென்மாவட்டங்களில் இன்னும் காதில் விழும் ‘வேதக்காரர்’. ‘அவங்க வேதக்காரங்க’ என்று பக்கத்து வீட்டார் சொல்லும்போது அதில் பழைய காலத்து வாசனையும் இருக்கிறது, வேறு ஆள் என்கிற ஒரு விலகலும் இருக்கிறது. கிரிஷித்தனிலும் இரண்டும் உண்டு. ஆகவே இவர்களைப் பற்றித் தமிழில் எழுதும் கட்டுரையில் முதல் தடவை ‘கிரிஷித்தன், அதாவது ஜப்பானிய வேதக்காரர்’ என்று எழுதிவிட்டு, பிறகு கிரிஷித்தன் என்றே தொடரலாம். உகோனைப் போன்றவர்களுக்கு வேதக்காரச் சேவகர். ‘கிறிஸ்தவ சாமுராய்’ தலைப்பில் மட்டும் இருக்கட்டும், தேடுகிறவர்களுக்கு அகப்பட வேண்டுமே.