ஜாப் அடிக்கும்போது உடம்பை முன்னால் எறியாதீர்கள்

போன வாரமும் ஒரு தம்பி மூக்கில் பஞ்சோடு வந்து நின்றார். வேறொரு குத்துச்சண்டை ஜிம்மில் முதல் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. “ஜாப் போட்டேன் மாஸ்டர், அவர் தலையை நகர்த்திட்டார், நேரா அவரோட ரைட்ல போய் விழுந்துட்டேன்” என்றார். ஜாப் என்றால் முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து, ரைட் என்றால் வலது கைக் குத்து. பேக்கில், அதாவது தொங்கும் குத்துப்பையில், ஒரு ஜாப் போடச் சொன்னேன். உடம்பு மொத்தமும் முன்காலில் சாய்ந்தது. முகம் முழங்காலைத் தாண்டிவிட்டது. பின்கால் இருந்த இடத்திலேயே விறைத்து நின்றது. இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

“வெயிட்டை முன்காலில் போட்டால்தான் அடி கனமாக விழும்” என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ. பேக்கில் அடிக்கும்போது அது உண்மை மாதிரியே தெரியும். நீங்கள் சாய்ந்தால் பேக் தாங்கிக்கொள்கிறது, சத்தமும் நன்றாக வருகிறது. எதிரில் நிற்கும் ஆள் உங்களைத் தாங்க மாட்டார். அவர் தலையை நகர்த்தியதும் உங்கள் எடையே உங்களை இழுத்துக்கொண்டு போகும். முழு எடையும் ஏறிய காலைத் தூக்க முடியாது. தூக்க முடியாத காலை வைத்துக்கொண்டு பின்வாங்கவும் முடியாது. அவருடைய ரைட் உங்களை நோக்கி வரும், நீங்களும் அதை நோக்கிப் போவீர்கள். இரண்டு வேகமும் சேர்ந்து மூக்கில் இறங்கும்.

சரி, எப்படித்தான் அடிப்பது? குதிகால் லேசாகத் தூக்கியிருக்கும் பின்கால் தரையைத் தள்ள வேண்டும். முன்கால் சின்னதாக ஒரு எட்டு போகும். அது தரையைத் தொடும்போதே குத்தும் போய்ச் சேர வேண்டும். உடனே பின்காலும் அதே அளவு நகர வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அடிக்கு முன் கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, அடித்து முடித்ததும் அவ்வளவே இருக்க வேண்டும். எடை முன்னால் போகத்தான் செய்கிறது, ஆனால் கால்களோடு சேர்ந்து போகிறது.

அடித்த கை தாடைக்கு நேராகத் திரும்பட்டும். பெயர்பெற்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் ஜாப் அடித்துவிட்டுக் கையைத் தாழ்த்துவதை ஜெர்மன் வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் முன்பே கவனித்து வைத்திருந்தார். 1936-ல் அந்த இடைவெளியில் ரைட்டை இறக்கிக்கொண்டே இருந்து, 12-வது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். லூயிஸுக்கே அந்த நிலைமை. சாய்ந்து விழுகிறவருக்குக் கையை மேலே கொண்டுவர எங்கே நேரம் இருக்கும்?

ஜாபை நீட்டியபடி அப்படியே நில்லுங்கள். முன்பாதத்தைத் தடுமாறாமல் தூக்க முடியவில்லையா? சாய்ந்திருக்கிறீர்கள். பேக்கை விட்டுவிட்டு ஒரு மாதம் கண்ணாடி முன்னால் மெதுவாகச் செய்யுங்கள். காற்றில் அடிக்கும்போது முழங்கையைப் படாரென்று பூட்டாதீர்கள், மூட்டு வலி வரும். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்ஸோடு பழகாதீர்கள். தடித்த அடிப்பாகம் உள்ள ஓட்டப்பயிற்சி ஷூவும் வேண்டாம், கணுக்கால் பிசகும்.

பயிற்சியாளர்களே, கால் நிலைக்காத பிள்ளையைத் தயவுசெய்து ஸ்பாரிங்கில் இறக்காதீர்கள். ஹெட்கார்ட் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடிபட்ட பிறகு தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று எது இருந்தாலும் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பிள்ளைக்குக் கிளவுஸ் மாட்டாதீர்கள்.