அலுவலக மெயிலைப் போனில் சேர்க்கும்போது அவசரமாக 'ஓகே' அழுத்தும் அந்தத் திரை

லேப்டாப் பிரவுசரில் மெயில் திறக்கிறது. அதே ஐடி, அதே பாஸ்வேர்டைப் போனில் போட்டால் மட்டும் 'யூசர்நேம் அல்லது பாஸ்வேர்ட் தவறு' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஐ.டி. உதவிப் பிரிவுக்கு அன்றாடம் வரும் புகார் இது. பெரும்பாலும் பாஸ்வேர்டில் எந்தப் பிழையும் இருக்காது. போனில் உள்ள ஆப் அதைப் பழைய வழியில் அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வரோ அந்த வழியை மூடியிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் இந்த மாற்றம் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மெயில் ஆப் உங்கள் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மெயில் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் சர்வருக்கு அனுப்பும். ஆப் நம்பத்தகாததாக இருந்தால் பாஸ்வேர்டும் போச்சு. இப்போது ஆப், மைக்ரோசாஃப்டின் சொந்த லாகின் பக்கத்தைத் திறக்கிறது. பாஸ்வேர்டை அங்கே போடுகிறீர்கள், இரண்டாம் சரிபார்ப்பும் அங்கேயே முடிகிறது, ஆப்பின் கைக்கு ஒரு டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலான அனுமதிச் சீட்டு, மட்டும் வருகிறது. கூகுளும் தனிநபர் கணக்குகளில் 2022 மே மாதத்திலும், நிறுவன, கல்லூரிக் கணக்குகளில் 2025-லும் இதையே செய்து முடித்தது. அதனால், சேர்ந்த நாளில் யாரோ அனுப்பிய பழைய பிடிஎஃப் வழிகாட்டியில் 2022-க்கு முந்தைய தேதி இருந்தால் அதைப் பின்பற்ற வேண்டாம். அதில் உள்ள சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் சரியாகவே இருந்தாலும் உள்ளே போக முடியாது.

முதலில் மெயில் எங்கே இருக்கிறது?

முகவரி கல்லூரியின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும். பின்னால் அதை நடத்துவது கூகுளாக இருக்கலாம், மைக்ரோசாஃப்டாக இருக்கலாம், ஜோஹோவாக இருக்கலாம், வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்த சாதாரண சர்வராகவும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பிரவுசரில் உங்கள் வெப்மெயிலைத் திறந்து, லாகின் ஆன பிறகு முகவரிப் பட்டையைப் பாருங்கள். ஜிமெயிலா, அவுட்லுக்கா, ஜோஹோவா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இது தெரியாமல் போவதால்தான் அடுத்த குழப்பம் வருகிறது. ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப்பில் புரொஃபைல் படத்தைத் தொட்டு, 'இன்னொரு கணக்கைச் சேர்' என்று போனால் ஒரு பட்டியல் வரும்: கூகுள், அவுட்லுக், ஹாட்மெயில், லைவ், யாஹூ, எக்ஸ்சேஞ்ச் மற்றும் ஆஃபீஸ் 365, மற்றவை. கல்லூரி மெயில் கூகுளில் இருந்தால், முகவரியில் ஜிமெயில் என்ற சொல்லே இல்லாவிட்டாலும் 'கூகுள்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுவலக மெயில் மைக்ரோசாஃப்டில் இருந்தால் 'எக்ஸ்சேஞ்ச் மற்றும் ஆஃபீஸ் 365'. 'அவுட்லுக், ஹாட்மெயில்' என்பது தனிநபர் கணக்குகளுக்கானது. பெயரைப் பார்த்து அதைத் தொடுபவர்கள்தான் அதிகம்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், மெயில், மெயில் அக்கவுண்ட்ஸ் என்று போய் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுங்கள். மெயில் முகவரியைக் கொடுத்ததும் இரண்டு பொத்தான்கள் வரும்: 'சைன் இன்', 'கன்ஃபிகர் மேனுவலி'. முதலாவதை அழுத்துங்கள். இரண்டாவதை அழுத்தினால் ஆப் சர்வர், டொமைன் என்று கேட்டுக்கொண்டே போகும்; நீங்களும் பழைய பிடிஎஃப்பைத் தேடத் தொடங்குவீர்கள்.

பல பல்கலைக்கழகங்களில் லாகின் ஐடி வேறு, மெயில் முகவரி வேறு. மற்றவர்கள் உங்களுக்கு எழுதுவது பெயர் உள்ள முகவரிக்கு; உள்ளே நுழைய வேண்டியதோ பதிவெண்ணோடு கூடிய ஐடியில். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித்தனி டொமைன் வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. பிரவுசரில் எந்த ஐடி வேலை செய்கிறதோ அதையே எழுத்து மாறாமல் போனிலும் போடுங்கள்.

சில இடங்களில் லாகின் எல்லாம் சரியாக முடிந்து, கடைசியில் 'அட்மின் அனுமதி தேவை' என்று நின்றுவிடும். போனோடு வந்த மெயில் ஆப்பை உங்கள் நிறுவனம் இன்னும் அங்கீகரிக்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் எத்தனை முறை முயன்றாலும் அது திறக்காது. அவுட்லுக் ஆப்பை நிறுவிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் அந்தத் திரையைப் படம் பிடித்து அட்மினுக்கு அனுப்புங்கள். 'மெயில் வரல சார்' என்று எழுதுவதைவிட அந்த ஒரு படம் நிறையச் சொல்லும்.

அந்தத் திரை

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இதுதான். ஆண்ட்ராய்டு போனோடு வந்த மெயில் ஆப்பிலோ ஜிமெயில் ஆப்பிலோ எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்க்கும்போது, உங்கள் சாதனத்தின் சில பாதுகாப்பு அம்சங்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்த சர்வர் அனுமதி கேட்கிறது என்று ஒரு அறிவிப்பு வரும். 'ஓகே' அழுத்தினால் அடுத்து 'டிவைஸ் அட்மின் ஆப்பைச் செயல்படுத்தவா?' என்ற திரை. அதில் வரிசையாக எழுதியிருக்கும்: பூட்டு பாஸ்வேர்டுக்கான விதிகளை அமைப்பது, திரையைப் பூட்டுவது, கேமராவை முடக்குவது, எல்லாத் தரவையும் அழிப்பது.

'எல்லாத் தரவையும்' என்றால் மெயிலை மட்டுமல்ல. அலுவலகம் தொலைவிலிருந்து அழிக்கும் ஆணை அனுப்பினால், போன் வாங்கிய நாளின் நிலைக்கே போய்விடக்கூடும். குழந்தையின் போட்டோக்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், குரல் பதிவுகள் எதுவும் மிஞ்சாது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. போன் தொலைந்தது என்று புகார் வந்தாலோ, வேலையிலிருந்து விலகியவரின் சாதனங்களை நீக்கும் பட்டியலில் உங்கள் போனும் இருந்தாலோ நடக்கலாம். நிறுவனத்தைக் குறை சொல்லவும் முடியாது. வாடிக்கையாளர் விவரங்களும் மதிப்பெண் பட்டியல்களும் தொலைந்த போனில் கிடப்பதை அவர்கள் தடுத்தாக வேண்டும். ஆனால் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

உங்கள் சொந்தப் போன் என்றால் இதற்கு நல்ல மாற்று உண்டு. அவுட்லுக் ஆப்பில் கணக்கைச் சேர்த்தால், நிர்வாகி அனுப்பும் அழிப்பு ஆணை அந்த ஆப்புக்குள் இருக்கும் தரவோடு நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் நிறுவனம் 'வொர்க் புரொஃபைல்' கொடுத்தால் இன்னும் நல்லது. அலுவலக ஆப்கள் சின்னப் பெட்டிப் படத்தோடு தனியாகத் தெரியும். நிர்வாகியின் கை அந்தப் பகுதிக்குள் மட்டும்தான். உங்கள் போட்டோவையோ சொந்த மெசேஜ்களையோ அவரால் பார்க்க முடியாது. வொர்க் புரொஃபைல் வேண்டாம் என்று பயந்து மறுப்பவர்கள் பலர். உண்மையில் உங்கள் தனிமைக்கு அது அரண்.

நம்பர்கள் காணாமல் போகும் விதம்

எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்க்கும்போது மெயில், காலண்டர், கான்டாக்ட்ஸ் என்று மூன்றையும் சேர்த்தே ஆன் செய்துவிடுகிறோம். அன்றிலிருந்து நீங்கள் சேமிக்கும் புதிய நம்பர்கள் போனிலோ ஜிமெயிலிலோ போகாமல் அலுவலகக் கணக்கில் போய் உட்காரலாம். இரண்டு, மூன்று வருடம் எந்த வித்தியாசமும் தெரியாது. வேலை மாறி அந்தக் கணக்கை நீக்கும் நொடியில் பால்காரர், பள்ளி வேன் டிரைவர், டாக்டர் நம்பர் எல்லாம் சேர்ந்து போகும். போன் பழுதாகிவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போவார்கள். கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது.

கணக்கைச் சேர்க்கும்போதே கான்டாக்ட்ஸை ஆஃப் செய்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்த்தவர்கள், ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், கான்டாக்ட்ஸ், டிஃபால்ட் அக்கவுண்ட் என்பதையும், ஆண்ட்ராய்டில் கூகுள் கான்டாக்ட்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் புதிய நம்பர்களுக்கான டிஃபால்ட் கணக்கையும் இன்றே பாருங்கள். அங்கே அலுவலக முகவரி இருந்தால் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். அது இனி சேமிக்கும் நம்பர்களுக்குத்தான் பொருந்தும். பழையவற்றை நீங்களே எக்ஸ்போர்ட் செய்து சொந்தக் கணக்கில் இம்போர்ட் செய்ய வேண்டும்.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள்

ஹோஸ்டிங்கோடு வரும் மெயிலுக்கு எண்கள் இன்னும் தேவை. உள்வரவுக்கு ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை), போர்ட் 993, எஸ்எஸ்எல் குறியாக்கம். வெளியே அனுப்ப போர்ட் 465 எஸ்எஸ்எல், அல்லது 587 ஸ்டார்ட்-டிஎல்எஸ். யூசர்நேம் என்ற இடத்தில் 'அட்' குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் போடாமல் முழு மெயில் முகவரியையும் போடுங்கள். வெளியே அனுப்பும் சர்வருக்கும் லாகின் தேவை என்பதை ஆன் செய்யுங்கள். மெயில் வருகிறது, அனுப்பினால் மட்டும் அவுட்பாக்ஸில் நிற்கிறது என்றால், யாரோ போர்ட் 25 போட்டிருப்பார்கள். மொபைல் நெட்வொர்க்குகள் அதைப் பொதுவாகத் தடுத்துவைக்கின்றன.

சர்வரின் அடையாளச் சான்றிதழ் குறித்து 'சர்டிஃபிகேட் பொருந்தவில்லை' என்று எச்சரிக்கை வந்தால் 'எல்லா சர்டிஃபிகேட்டையும் ஏற்றுக்கொள்' என்ற வழிக்குப் போகாதீர்கள். நடுவில் யார் உட்கார்ந்து படித்தாலும் போன் சொல்லாது. ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த சர்வர் பெயர் ஒன்றாகவும் நீங்கள் போட்ட பெயர் இன்னொன்றாகவும் இருப்பதுதான் வழக்கமான காரணம். சரியான பெயரைக் கேட்டு வாங்கிப் போட்டால் எச்சரிக்கை போய்விடும்.

மெயிலை சர்வரிலிருந்து சாதனத்துக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதைவிட, கணக்காளரின் கம்ப்யூட்டரில் பாப் ஓடுகிறதா என்று பாருங்கள். அங்குள்ள அவுட்லுக்கில் 14 நாட்களுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கு என்பது வழக்கமாக ஆன் ஆகியே இருக்கும். போனில் எப்போதும் கடைசி இரண்டு வார மெயில் மட்டுமே தெரிகிறது என்று புகார் வந்தால், கோளாறு அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும்.

ஜோஹோ மெயிலில் செட்டிங்ஸுக்குள் ஐமேப்பைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் வழக்கமான பாஸ்வேர்ட் ஏற்காது, ஆப்புக்கென்று தனி பாஸ்வேர்ட் உருவாக்க வேண்டும். இலவசத் திட்டமென்றால் அலைய வேண்டாம், ஜோஹோவின் சொந்த மெயில் ஆப்பே போதும்.

பாஸ்வேர்ட் மாற்றிய மறுநாள்

லேப்டாப்பில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட் இன்னும் பழையதை வைத்தே தட்டிக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் சொந்த சர்வர் என்றால் சில தவறான முயற்சிகளிலேயே உங்கள் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறந்துவிட்டாலும் அரை மணியில் மறுபடி பூட்டும். ஹோஸ்டிங் சர்வர்களில் இதைவிட மோசம். தவறான முயற்சி வந்த ஐபி முகவரியையே தடுத்துவிடுவார்கள், அலுவலகம் முழுதும் ஒரே இணைப்பில் இருப்பதால் ஒருவரின் போனுக்காக எல்லோருக்கும் மெயில் நிற்கும். கல்லூரி வைஃபைக்கும் இதே பாஸ்வேர்ட் என்றால், அதையும் 'மறந்துவிடு' கொடுத்துப் புதிதாகச் சேருங்கள்.

மெயில் தாமதமாக வருவதற்கு ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பேட்டரி சேமிப்புதான் முதல் காரணம். மெயில் ஆப்புக்கு ஆட்டோஸ்டார்ட்டை அனுமதித்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஐபோனின் மெயில் ஆப்பில் ஜிமெயில் கணக்கு வைத்திருந்தால் உடனுக்குடன் வராது, குறைந்தது 15 நிமிட இடைவெளியில்தான் போய்ப் பார்க்கும். ஜிமெயில் ஆப்பை நிறுவிக்கொள்வதே வழி. இரட்டைச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண் ஏற்கப்படவில்லையா? போனின் தேதி, நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். அந்த எண் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது, கடிகாரம் ஓரிரு நிமிடம் தவறினாலே பொருந்தாது.

நீங்கள் லாகின் செய்யாதபோது அதென்டிகேட்டர் ஆப் (லாகின் செய்வது நீங்கள்தானா என்று போனில் உறுதிசெய்யும் ஆப்) ஒப்புதல் கேட்டால் மறுத்துவிட்டு அட்மினிடம் சொல்லுங்கள். உங்கள் பாஸ்வேர்ட் யாரிடமோ இருக்கிறது. 2023 மே முதல் மைக்ரோசாஃப்ட், திரையில் தெரியும் இரண்டு இலக்க எண்ணைப் போனில் தட்டச் சொல்வது இதற்காகத்தான். 'ஐ.டி. பிரிவிலிருந்து பேசுகிறேன், 47 என்று போடுங்கள்' என யாராவது போனில் சொன்னால் போடாதீர்கள். லேப்டாப் மெயிலில் வரும் கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்து கணக்கைப் புதுப்பிக்கச் சொல்வதும் இப்போது பரவலான மோசடி. லேப்டாப்பில் உள்ள அலுவலகப் பாதுகாப்பு, போனில் திறக்கும் அந்த லிங்கைப் பார்ப்பதே இல்லை.

பழைய போனைக் கடையில் கொடுப்பதற்கு முன்

புதுப் போன் வாங்கிய உற்சாகத்தில் பழையதை அங்கேயே ரீசெட் செய்து கொடுத்துவிடுவார்கள். அதென்டிகேட்டர் அதோடு போய்விடும். அதன் பேக்கப்பை மீட்டாலும் அலுவலகக் கணக்கின் பெயர் மட்டும்தான் வரும், மறுபடி லாகின் செய்து பதிய வேண்டும். அந்த லாகினுக்கோ பழைய போன் வேண்டும். ஆகவே இரண்டு போனும் கையில் இருக்கும்போதே, லேப்டாப்பில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் 'செக்யூரிட்டி இன்ஃபோ' பக்கத்தைத் திறந்து புதுப் போனைச் சேருங்கள். ஒருமுறை லாகின் செய்து பார்த்து, அதன் பிறகு பழையதை அந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள். அடுத்து பழைய போனில் உள்ள மெயில் கணக்கை நீக்குங்கள், ரீசெட் கடைசியில்.

வெப் அவுட்லுக்கின் செட்டிங்ஸில் 'ஜெனரல்' என்பதன் கீழ் 'மொபைல் டிவைசஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. உங்கள் மெயிலோடு இணைந்த போன்கள் அங்கே தெரியும். பழையதை எடுக்க 'ரிமூவ்' அழுத்துங்கள். அருகில் இருக்கும் 'வைப்' வேறு வேலை. அது தொலைந்துபோன போனை அழிப்பதற்கானது. அதை அழுத்தும் முன் மாடல் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். ஒரே மாடலைத் திரும்ப வாங்கியவர்களுக்குப் பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கடைசியாக இணைந்த நேரத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.