ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: மருத்துவக் கல்லூரியில் படிப்பவருக்கும் வேலை பார்ப்பவருக்கும் விதி சொல்வது என்ன?

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசிக்கென்று ஒரு நீளப் பதிவேடு இருந்தது. பெயர், பிரிவு, முதல் டோஸ், இரண்டாம் டோஸ், மூன்றாம் டோஸ் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். முதல் கட்டம் மேலிருந்து கீழ் வரை நிரம்பியிருக்கும். இரண்டாவதில் அங்கங்கே வெற்றிடம். மூன்றாவதில் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுத் தேதி இருந்தால் பெரிது.

அந்தப் பதிவேட்டில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் பெயரே கிடையாது. ஒருநாள் வார்டில் குப்பை எடுக்கும் அக்கா ஒருவர், முதலாம் ஆண்டு நர்சிங் மாணவிகள் ஊசிக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் போட மாட்டாங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். போட வேண்டும் என்று 2016லேயே விதி வந்துவிட்டது. அது அவருக்கும் தெரியாது, அவரை அனுப்பிய ஏஜென்சியின் சூப்பர்வைசருக்கும் தெரியாது.

அந்த விதியின் பெயர் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986இன் கீழ் 2016 மார்ச் 28 அன்று மத்திய அரசு வெளியிட்டது. பெயரைப் பார்த்தால் குப்பையைப் பற்றிய விதி என்று தோன்றும். அதனாலேயே தடுப்பூசி பற்றிப் பேசும்போது யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அதன் 4ஆம் விதி நிறுவனத்தின் கடமைகளை வரிசையாகச் சொல்லும்போது, கழிவைக் கையாளும் எல்லா சுகாதாரப் பணியாளர்களுக்கும் "மற்றவர்களுக்கும்" ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிராகத் தடுப்பூசி போட வேண்டும் என்கிறது. வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. பயிற்சியும் அதேபோல், சேரும்போது ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். கையுறை, முகக்கவசம் போன்ற பாதுகாப்புச் சாதனங்களைத் தருவதும் நிறுவனத்தின் பொறுப்பு.

இதில் "மற்றவர்கள்" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பல கல்லூரிகளில் மாணவர்களைப் பற்றிக் கேட்டால், "அவர்கள் ஊழியர்கள் இல்லையே" என்று பதில் வரும். ஒப்பந்தப் பணியாளர்களைப் பற்றிக் கேட்டால், "அது ஏஜென்சி பார்த்துக்கொள்ள வேண்டியது" என்பார்கள். விதி அப்படிப் பிரிக்கவில்லை. கழிவைக் "கையாளுதல்" என்றால் என்ன என்பதையும் அதுவே விளக்குகிறது. கழிவு உண்டாவது, தரம் பிரிப்பது, சேகரிப்பது, வைத்திருப்பது, ஏற்றி இறக்குவது எல்லாமே கையாளுதல்தான். ஒரு நர்சிங் மாணவி நோயாளியிடம் ரத்தம் எடுத்துவிட்டு அந்த ஊசியை டப்பாவில் போடுகிறாள். அந்த நிமிடத்தில் கழிவை உண்டாக்குகிறாள், தரமும் பிரிக்கிறாள். அவள் எந்தப் பதிவேட்டில் இருந்தாலும் சரி, இந்த விதிக்குள் வந்துவிடுகிறாள். எம்.பி.பி.எஸ். மாணவர், சிஆர்ஆர்ஐ எனப்படும் பயிற்சி டாக்டர், லேப் டெக்னீஷியன் படிப்பவர், பல் மருத்துவ மாணவர், லேப் உதவியாளர், வார்டு ஆயா எல்லோருக்கும் இதே கணக்குதான்.

விதி மருத்துவமனையோடு நிற்கவும் இல்லை. ரத்த வங்கி, ஆய்வகம், கால்நடை நிறுவனம், ஆராய்ச்சிக்கான விலங்குக் கூடம், உயிரி மருத்துவக் கழிவு உண்டாகும் ஆராய்ச்சி, கல்வி நிறுவனங்கள் வரை நீள்கிறது. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தில் மனித ரத்த மாதிரிகளை வைத்து ஆய்வு செய்யும் உயிரித் தொழில்நுட்பத் துறை மாணவரும் இதைக் கேட்கலாம். அதே வளாகத்தில் வரலாறு பாடம் எடுக்கும் பேராசிரியருக்கு இந்த விதி பொருந்தாது. கல்லூரியில் சேகரித்த கழிவை வண்டியில் கொண்டுபோய் அழிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆட்களுக்கும் தடுப்பூசி உண்டு. 5ஆம் விதி அந்த நிலையத்தை நடத்துபவரிடம் அந்தக் கடமையைத் தருகிறது.

சரி, இத்தனை நோய்கள் இருக்க, ஏன் ஹெபடைடிஸ் பி?

காமாலை என்றாலே நம் ஊரில் கீழாநெல்லியும் பத்தியச் சாப்பாடும்தான் நினைவுக்கு வரும். கெட்ட தண்ணீரால் வரும் காமாலை வேறு, இது வேறு. ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் வழியாகவும் உடல் திரவங்கள் வழியாகவும் பரவுகிற வைரஸ். காய்ந்த ரத்தத் துளியில்கூட குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். தொற்றுள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவர் விரலில் குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எச்.ஐ.வி.க்கு இதே கணக்கு சுமார் 0.3 சதவீதம். எச்.ஐ.வி. வார்டு என்றால் இரண்டு கையுறை போடும் மாணவர்கள், பொது வார்டில் வெறுங்கையோடு ஊசிக்கு மூடி போடுவதைப் பார்த்து எத்தனையோ முறை பதறியிருக்கிறேன். நோயாளியின் முகத்தில் ஹெபடைடிஸ் பி என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. அவருக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உடம்பில் இருந்து, பிறகு கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம்.

தூய்மைப் பணியாளரின் ஆபத்து இன்னும் அநியாயமானது. ஊசி, பிளேடு போன்றவற்றை வெள்ளை நிற, குத்துப்படாத டப்பாவில் போட வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பையில், கண்ணாடி நீலத்தில். அவசரத்தில் யாரோ ஊசியை மஞ்சள் பைக்குள் வீசிவிட்டால், அந்தப் பையை முடிச்சுப் போட்டு இடுப்போடு அணைத்துத் தூக்குகிறவருக்குத்தான் குத்தும். அது எந்த நோயாளியின் ஊசி என்று யாராலும் சொல்ல முடியாது. தவறு ஒருவருடையது, குத்துப்படுவது இன்னொருவர். அவருக்குத் தடுப்பூசி இல்லை என்பதை என்னால் இன்றுவரை சமாதானமாக ஏற்க முடியவில்லை.

தடுப்பூசி மூன்று டோஸ். முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். தோள்பட்டைத் தசையில் போட வேண்டும், இடுப்பில் போட்டால் பலன் குறையும். ஊசிக்குள் வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஈஸ்ட் செல்லில் உண்டாக்கிச் சேர்த்திருக்கிறார்கள், அதனால் தடுப்பூசியால் நோய் வராது. ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த இந்த ஊசியின் விலை சாதாரண ஆட்களுக்கு எட்டாமல் இருந்தது. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இங்கேயே தயாரித்து வெளியிட்ட பிறகுதான் விலை இறங்கியது.

மூன்றாவது டோஸ்தான் எப்போதும் தவறிப்போகிறது. ஆறு மாதத்துக்குள் மாணவர் வேறு போஸ்டிங் போய்விடுவார், தேர்வு வந்துவிடும், ஒப்பந்தப் பணியாளரை ஏஜென்சி வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிடும். "விட்டுப்போச்சு சிஸ்டர், இனி முதல்லேருந்து போடணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இந்த ஒரு விஷயம் தெரியாமலே பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மூன்று டோஸ் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆன்டி எச்.பி.எஸ். டைட்டர் என்று கேட்டால் லேப்பில் புரியும். ஊசியால் ரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது என்று அது காட்டும். அளவு 10 (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆரோக்கியமான இளைஞர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் இப்படி வந்துவிடும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வாய்ப்பு கொஞ்சம் குறைவு. தூய்மைப் பணிக்கு வருகிறவர்களில் 40 கடந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆகவே இந்தப் பரிசோதனையை டாக்டர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது சரியே இல்லை. 10க்குக் கீழே வந்தால் இன்னொரு சுற்று மூன்று டோஸ் போடலாம். அப்போதும் வரவில்லை என்றால், ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு மாறும். அதை அவர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"எனக்குச் சின்ன வயசிலேயே போட்டாச்சு" என்று சொல்லும் மாணவர்கள் இப்போது அதிகம். அது உண்மையாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசுத் திட்டத்தில் 2007-08இல் பத்து மாநிலங்களுக்கு விரிந்தபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசி இந்தியாவில் முதலில் வந்ததும் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். அதனால் முதலில் வீட்டில் தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். மூன்று டோஸும் அட்டையில் இருந்தால் டைட்டர் மட்டும் பார்த்தால் போதும். குழந்தையில் போட்டது 18 வயதில் அளவில் குறைந்து தெரிவது சகஜம், பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஒரு டோஸ் போட்டுவிட்டு மறுபடி பார்த்தால் பெரும்பாலோருக்கு அளவு ஏறிவிடும். அட்டை இல்லை, அம்மாவுக்கும் நினைவில்லை என்றால் போடாதவராகவே எடுத்துக்கொண்டு மூன்றையும் போடுங்கள். கூடுதலாகப் போட்டால் தீங்கு எதுவும் இல்லை.

டெட்டனஸுக்கு டிடி ஊசி, பத்து ஆண்டுக்கு ஒருமுறை. கால்நடை மருத்துவ மாணவர்கள் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசி பற்றியும் துறையில் கேளுங்கள். 2016 விதியில் அந்த நோயின் பெயர் இல்லை, ஆனால் உங்கள் வேலைக்கு அது அவசியம்.

இதெல்லாம் கட்டாயமா என்ற கேள்வி கோவிட் காலத்துக்குப் பிறகு அடிக்கடி வருகிறது. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சொன்னது. தமிழ்நாடு அரசும் அந்த வழக்கில் ஒரு தரப்பு. பொதுச் சுகாதாரத்துக்காக அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை ஆபத்தின் அளவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அது கோவிட் தடுப்பூசிக்காகச் சொல்லப்பட்டது. ஹெபடைடிஸ் பி விஷயத்தில் 2016 விதி சுமத்தும் கடமை நிறுவனத்தின் மேல்தான், போட்டுக்கொள்ளாத ஆளைத் தண்டிக்கும் வரி அதில் இல்லை. வேண்டாம் என்கிறவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும், அதன் பிறகும் மறுத்தால் எழுத்தில் வாங்கி வைக்கலாம். என் அனுபவத்தில் வேண்டாம் என்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாருமே கேட்காமல், கூப்பிடாமல் விடுபட்டவர்கள்தான் ஏராளம்.

தடுப்பூசிக்கு முன், உடம்பில் ஏற்கெனவே வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சில இடங்களில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனை செய்வார்கள். அதில் பாசிட்டிவ் என்று வந்தால் அந்த முடிவு உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையில் இருக்க வேண்டியது, நோட்டீஸ் போர்டுக்கு உரியதில்லை. ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மருத்துவப் படிப்பிலிருந்தோ வேலையிலிருந்தோ விலக்கத் தேவையில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012லேயே வழிகாட்டியிருக்கிறது. இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சுகாதாரப் பணியாளர்களுக்கான தடுப்பூசியும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே அரசு மருத்துவமனைகள் "நிதி இல்லை" என்று சொல்வதற்கு முன் அந்த வழியில் கேட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம்.

ஊசி குத்திவிட்டால்: சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். உடனே பொறுப்பு டாக்டரிடம் சொல்லுங்கள், இரவு 2 மணியாக இருந்தாலும் சரி. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி தேவைப்படலாம், அதை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கு எல்லை 72 மணி நேரம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டுவார்களோ என்று மறைத்த மாணவர்கள் உண்டு, சம்பளம் பிடிப்பார்களோ என்று மறைத்த அக்காக்களும் உண்டு. பதிவேட்டில் ஏறாத குத்துக்கு நாளை எந்த ஆதாரமும் இருக்காது. ஊசிக் குத்துகளை நிறுவனம் ஆண்டறிக்கையில் காட்டவும் வேண்டும். அந்த அறிக்கை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறது.

தடுப்பூசி கேட்டும் கிடைக்கவில்லை என்றால், கல்லூரி முதல்வருக்கோ டீனுக்கோ 2016 விதிகளின் 4ஆம் விதியைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் கழிவு மேலாண்மையைக் கவனிக்க ஒரு குழு இருக்க வேண்டும், அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் இதை வைக்கச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த இடம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் நீளமாக எழுத வேண்டாம். மருத்துவர், செவிலியர், மாணவர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் என்று நான்கு வரிசை போட்டு, ஒவ்வொன்றிலும் மொத்தம் எத்தனை பேர், மூன்றாவது டோஸ் முடித்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள்.